ஸ்தாந்தாலும் இத்தாலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், ஸ்தாந்தால் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியர். ‘சிவப்பும் கறுப்பும்’ (1830), ‘பார்மாவின் மடாலயம்’ (1839) என்ற இரண்டு நாவல்களால் இன்றும் படிக்கப்படுகிறார். ஸ்டெண்டால் என்றும் தமிழில் எழுதுவதுண்டு. இயற்பெயர் மாரி ஆன்ரி பெய்ல். 1783 ஜனவரி 23 அன்று கிரெனோபிள் நகரில் பிறந்தார். 1842 மார்ச் 23 அன்று பாரிஸில் இறந்தார். நெப்போலியனின் படையிலும் நிர்வாகத்திலும் வேலை பார்த்தார், மாஸ்கோ எரிந்ததை நேரில் கண்டார், கடைசிக் காலத்தில் பிரெஞ்சு அரசின் தூதரக அதிகாரியாக இருந்தார். முதல் நாவல் வெளிவந்தபோது வயது 44. அதற்குமுன் அவர் எழுதியதில் பெரும்பங்கு இத்தாலிய இசை, இத்தாலிய ஓவியம், இத்தாலியப் பயணம் பற்றியதுதான். நாவலாசிரியர் ஓய்வு நேரத்தில் இசை கேட்டார் என்று நினைத்துக்கொண்டு இவரைப் படிக்கத் தொடங்கினால் ஆளே பிடிபட மாட்டார். இசைப் பித்தர் ஒருவர் நாற்பது தாண்டியபின் நாவல் பக்கம் வந்தார், வரிசை அப்படி.

பிரெஞ்சுக்காரரின் கல்லறையில் ‘மிலான்காரர்’ என்று ஏன் இருக்கிறது?

அவரே கேட்டுக்கொண்டது. பாரிஸில் மோன்மார்த்ர் இடுகாட்டில் உள்ள கல்லில் இத்தாலிய மொழியில் பொறித்திருக்கிறார்கள்: அர்ரிகோ பெய்ல், மிலான்காரர்; எழுதினார், காதலித்தார், வாழ்ந்தார். ஆன்ரி என்ற பெயரைக்கூட இத்தாலிய வடிவத்துக்கு மாற்றிவிட்டார். இந்த வாசகத்தை அவர் பல வருடங்களுக்கு முன்பே யோசித்து எழுதி வைத்திருந்தார். பழைய வடிவம் ஒன்றில் இன்னொரு வரியும் உண்டு: இந்த ஆத்மா சிமரோசாவையும் மோத்சார்ட்டையும் ஷேக்ஸ்பியரையும் ஆராதித்தது. சிமரோசா இத்தாலிய ஓபெரா இசையமைப்பாளர். கவனித்தீர்களா, மூன்று பேரில் ஒருவர்கூட பிரெஞ்சுக்காரர் இல்லை.

இத்தாலி மோகம் எங்கிருந்து வந்தது?

அம்மாவிடமிருந்து. அம்மா ஆன்ரியெத் காஞோன் தாந்தேயை இத்தாலிய மூலத்திலேயே படிப்பவர். மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1790-இல், பிரசவத்தில் இறந்துபோனார். அப்பா வழக்கறிஞர், பிள்ளைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அம்மா வழி முன்னோர்கள் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் என்று பின்னாளில் அவரே உறுதியாக நம்பிக்கொண்டார். அதற்குச் சான்று என்று பெரிதாக எதுவும் இல்லை. அப்பாவின் ஊரான கிரெனோபிள் என்றால் கெடுபிடி, கஞ்சத்தனம், மழை. அம்மாவின் நாடு என்று அவர் கற்பனை செய்துகொண்ட இத்தாலி என்றால் ஆரஞ்சு மரமும் பாட்டும். சின்ன வயதில் மனத்தில் விழுந்த இந்தக் கோட்டை அவர் கடைசிவரை அழிக்கவில்லை.

இவ்ரேயா ஊரில் கேட்ட ஓபெரா பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, என்ன கதை?

1800 மே மாதக் கடைசி. வயது பதினேழு. நெப்போலியனின் படை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரரான பியர் தாரு போர் அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருந்ததால் பையனுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. குதிரையேற்றம் சரியாக வராது, வாள் பிடிக்கத் தெரியாது. கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைத் தாண்டி, பார்ட் கோட்டையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே தப்பி, அடிவாரத்தில் இருக்கும் இவ்ரேயா என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அன்று மாலை அங்கே சிமரோசாவின் ‘ரகசியத் திருமணம்’ நடந்துகொண்டிருந்தது.

இது 1792-இல் வியன்னாவில் அரங்கேறிய நகைச்சுவை ஓபெரா. பேரரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், எல்லோருக்கும் சாப்பாடு போட்டு முழு ஓபெராவையும் அன்றிரவே மறுபடி பாடவைத்தார் என்று ஒரு கதை உண்டு. இவ்ரேயாவில் நடந்தது அந்தத் தரத்தில் இல்லை. கதாநாயகி கரோலினாவாக நடித்த பெண்ணுக்கு முன்பல் ஒன்று கிடையாது. முப்பத்தைந்து வருடம் கழித்துத் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு அந்த இரவிலிருந்து துல்லியமாக நினைவில் நின்றது அந்த ஓட்டைப் பல்லும், தாங்க முடியாத சந்தோஷமும்தான். ஆல்ப்ஸ் மலை, பீரங்கி எல்லாம் ஒரே நொடியில் சில்லறை விஷயமாகிவிட்டன. இத்தாலியில் வாழ்வது, இந்த மாதிரி இசையைக் கேட்பது. அதன்பிறகு தான் போட்ட எல்லாக் கணக்குக்கும் அடிப்படை இதுதான் என்கிறார்.

அதே புத்தகத்தில், செயின்ட் பெர்னார்ட் மலையில் இறங்கிய காட்சியை விவரிக்கும்போது சட்டென்று ஒரு சந்தேகம் அவருக்கு வருகிறது. இது நான் நிஜமாகப் பார்த்ததா, பிறகு பார்த்த ஒரு அச்சுப்படத்தின் நினைவா? அந்தப் படம்தான் இப்போது என் நினைவாகிவிட்டது என்று எழுதிவிட்டு மேலே போகிறார். மலையைப் பற்றிச் சந்தேகம், பல்லைப் பற்றிச் சந்தேகமே இல்லை. இவரைப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. தகவல் விஷயத்தில் ஸ்தாந்தாலை நம்பக் கூடாது. என்ன உணர்ந்தார் என்று சொல்கிற இடத்தில் முழுதாக நம்பலாம்.

அவருக்குப் பாடவோ வாத்தியம் வாசிக்கவோ தெரியுமா?

தெரியாது. சிறுவயதில் வயலின், கிளாரினெட், வாய்ப்பாட்டு என்று மூன்றையும் தொட்டுப் பார்த்து மூன்றையும் விட்டார். சுரம் எழுதும் முறையும் அவருக்குச் சரியாக வசப்படவில்லை. இசை பற்றி அவர் எழுதிய எதிலும் நுட்பமான இலக்கணம் கிடையாது. ரசிகர் ஒருவர் அடுத்த இருக்கைக்காரரிடம் பேசுவது போல இருக்கும். நல்ல இசைக்கு அவர் வைத்திருந்த சோதனை இது: கேட்கும்போது மனத்தை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் பாட்டோடு சேர்ந்து மேலே வர வேண்டும். காதலில் இருப்பவனுக்குக் காதலி முன்னால் வந்து நிற்க வேண்டும். பாட்டு நன்றாக இருக்கிறதே என்று பாட்டைப் பற்றியே யோசிக்க வைத்தால் அது இரண்டாம் தரம்.

லா ஸ்காலா அரங்கில் அப்படி என்ன இருந்தது?

1814-இல் நெப்போலியன் விழுந்ததும் இவருக்கு வேலை போயிற்று. நேராக மிலான் போனார். நடுவே சில பயணங்கள் தவிர 1821 வரை அங்கேயே இருந்தார். மாலை ஆனால் லா ஸ்காலா. உலகத்தின் தலைசிறந்த அரங்கம் அதுதான் என்று எழுதினார்.

அன்றைய லா ஸ்காலாவை இன்றைய கச்சேரி அரங்கம் போல நினைக்கக் கூடாது. ஆறு அடுக்கு, அதில் பெட்டி பெட்டியாகச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் ஒரு பணக்காரக் குடும்பத்துடையது. அங்கேதான் ஊர் வம்பு, அரசியல், காதல், சீட்டாட்டம், ஐஸ்கிரீம் எல்லாம். ஒரே ஓபெரா வாரக்கணக்கில் ஓடும் என்பதால் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பிடித்த பாட்டு வரும், மொத்த அரங்கமும் அமைதியாகும், முடிந்ததும் பேச்சு தொடரும். டிசம்பர் சீசனில் சபா கேன்டீனையும் சபா மேடையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தது போல என்று சொல்லலாம்.

லுதோவிகோ தி பிரெமே என்ற பிரபுவின் பெட்டிக்கு இவர் வழக்கமாகப் போவார். 1816-இல் கவிஞர் பைரனைச் சந்தித்தது அங்கேதான்.

‘ஓவியர்’ என்றும் சில இடங்களில் பார்த்தேன். சரியா?

தூரிகை பிடித்த ஓவியர் இல்லை. 1817-இல் ‘இத்தாலிய ஓவியத்தின் வரலாறு’ எழுதினார், அவ்வளவுதான். அதிலும் லூயிஜி லான்சி என்ற இத்தாலிய அறிஞரின் நூலிலிருந்து எடுத்தது நிறைய.

ஆனால் வரைவார். ‘ஆன்ரி ப்ருலாரின் வாழ்க்கை’ என்று தலைப்பிட்ட தன்வரலாற்றின் கைப்பிரதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. அழகுக்காக வரைந்தவை இல்லை. அறையில் மேஜை எங்கே இருந்தது, தாத்தா எங்கே உட்கார்ந்தார், நான் எங்கே நின்றேன் என்று புள்ளி வைத்து எழுத்தால் குறித்த வரைபடங்கள். மனத்தில் இருப்பதை எழுத்தில் பிடிக்க முடியாதபோது கை தானாகக் கோடு போடத் தொடங்கிவிடும். நல்ல பதிப்புகளில் இந்தப் படங்களும் இருக்கும். படங்களை விட்டுவிட்ட பதிப்பை வாங்காதீர்கள்.

அடுத்தவர் எழுத்தைத் திருடினார் என்பது உண்மையா?

உண்மை. பூசி மெழுக ஒன்றும் இல்லை.

முதல் புத்தகமே அப்படித்தான். இசையமைப்பாளர்கள் ஹைடன், மோத்சார்ட், ஓபெராக்களுக்குப் பாட்டு எழுதிய கவிஞர் மெதஸ்தாசியோ மூவரின் வாழ்க்கை பற்றி 1815-இல் லூயி அலெக்சாந்தர் சேசார் பொம்பே என்ற பெயரில் வெளியிட்டார். ஹைடன் பகுதி, ஜுசெப்பே கார்பானி 1812-இல் இத்தாலிய மொழியில் எழுதிய நூலின் நகல். கார்பானி ஹைடனை நேரில் அறிந்தவர். கொதித்துப்போய் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இவர் வாயை மூடிக்கொண்டிருந்தாரா? இல்லை. பொம்பேயின் தம்பி என்று ஒருவரைக் கற்பனையாக உண்டாக்கி, அந்தத் தம்பி பெயரில் அண்ணனுக்கு வக்காலத்து வாங்கிப் பதில் எழுதினார். துணிச்சலைப் பார்த்துச் சிரிப்பு வரும். கார்பானி பக்கம் நின்று பார்த்தால் வராது.

1817-இல் வந்த ‘ரோம், நாப்போலி, பிளாரன்ஸ்’ என்ற பயண நூலில், ஜெர்மன் கவிஞர் கதே தன் இத்தாலியப் பயணத்தைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்ததும் இருக்கிறது. கதேயே அதைக் கண்டுபிடித்துவிட்டு, கோபப்படாமல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். கடைசிக் காலத்தில் ‘சிவப்பும் கறுப்பும்’ படித்துப் பாராட்டவும் செய்தார்.

‘ஸ்தாந்தால்’ என்ற புனைபெயர் வந்தது இந்தப் பயண நூலில்தான். குதிரைப்படை அதிகாரி திரு. தெ ஸ்தாந்தால் என்று அட்டையில் போட்டுக்கொண்டார். ஸ்டென்டால் என்பது ஜெர்மனியில் ஓர் ஊர். பழங்காலக் கலை பற்றி எழுதிய விங்கெல்மான் பிறந்த இடம். வாழ்நாளில் இவர் பயன்படுத்திய பொய்ப்பெயர்கள் நூற்றுக்கும் மேல்.

ரொஸ்ஸினியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினாரே, இருவரும் நண்பர்களா?

இத்தாலிய ஓபெரா இசையமைப்பாளரான ரொஸ்ஸினியைத் தன் நண்பர் என்று ஸ்தாந்தால் சொல்வார். தெர்ராசினா ஊர்ச் சத்திரத்தில் ரொஸ்ஸினியைத் தற்செயலாகச் சந்தித்து இரவு முழுக்கப் பேசியதாக ஒரு காட்சி எழுதியிருக்கிறார். அது கட்டுக்கதை என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் முடிவு.

‘ரொஸ்ஸினியின் வாழ்க்கை’ 1823 இறுதியில் வெளிவந்தது. நெப்போலியன் இறந்தபின் மாஸ்கோவிலும் நாப்போலியிலும், லண்டனிலும் வியன்னாவிலும், பாரிஸிலும் கல்கத்தாவிலும் தினமும் பேசப்படும் இன்னொரு மனிதர் வந்திருக்கிறார் என்று அது தொடங்கும். அந்த மனிதருக்கு இன்னும் முப்பத்திரண்டு வயதாகவில்லை. கல்கத்தாவில் அன்று ரொஸ்ஸினி தினசரிப் பேச்சாக இருந்தாரா என்று கேட்காதீர்கள்; வாக்கியத்தின் ஓட்டத்துக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது.

வாழ்க்கை வரலாறு என்ற கணக்கில் அதில் பிழைகள் மலிந்திருக்கின்றன. ‘தான்க்ரேதி’ ஓபெராவில் வரும் புகழ்பெற்ற பாட்டை, அடுப்பில் அரிசி வேகும் நேரத்துக்குள் ரொஸ்ஸினி எழுதி முடித்தார் என்ற கதையைப் பரப்பியதும் இந்த நூல்தான். ஆனால் ஒரு பாட்டு முதல்முறை காதில் விழும்போது கூட்டத்துக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு உயிரோட்டமாக எழுதியவர்கள் குறைவு. பாடகி ஜூதித்தா பாஸ்தா பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். பாரிஸில் பாஸ்தா குடியிருந்த அதே விடுதிக் கட்டடத்தில் இவரும் குடியிருந்தார். அவர் வீட்டு இரவுச் சபைகளில் மிலான்காரர்கள் பேசும் இத்தாலிய மொழி காதில் விழுகிறதே என்பதற்காகவே போய் உட்கார்ந்திருப்பார்.

ரசனையில் வளைந்துகொடுக்க மாட்டார். ரொஸ்ஸினியின் ஆரம்ப கால ஓபெராக்கள் தேன். பிந்தையவற்றில் வாத்திய இரைச்சல் கூடி ஜெர்மன் வாடை அடிக்கிறது என்பார். இதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை.

‘ஸ்தாந்தால் நோய்க்குறி’ என்பது நிஜமான நோயா?

மருத்துவர்களின் அதிகாரபூர்வமான மனநோய்ப் பட்டியலில் அது இல்லை. பெயர் வந்த கதை இது.

பிளாரன்ஸில் சாந்தா குரோச்சே தேவாலயம். மைக்கலாஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ எல்லோரும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். துறவி ஒருவரிடம் சொல்லி நிக்கோலினி சிற்றாலயத்தைத் திறக்கவைத்து, மண்டியிடும் பலகையின் படியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து வோல்தெர்ரானோ வரைந்த கூரை ஓவியங்களைப் பார்க்கிறார். வெளியே வரும்போது நெஞ்சு படபடக்கிறது, உயிரே வற்றிவிட்டது போல இருக்கிறது, விழுந்துவிடுவோமோ என்று பயந்து பயந்து நடக்கிறார். சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பையில் வைத்திருந்த உகோ போஸ்கொலோவின் கவிதையை எடுத்துப் படித்துத் தெளிகிறார். அந்தக் கவிதையும் கல்லறைகளைப் பற்றியது.

1979-இல் பிளாரன்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் கிராசியெல்லா மகெரினி, கலைப்படைப்புகளுக்கு முன் தலைசுற்றலும் குழப்பமும் வந்து சேர்ந்த சுற்றுலாப் பயணிகளைக் கவனித்து இந்தப் பெயரை வைத்தார். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவ்வளவு நேரம் கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்திருந்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும் என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. இன்னொன்று: பயண நூலில் இது 1817 ஜனவரியில் நடந்ததாக இருக்கிறது, அவர் முதலில் அந்தத் தேவாலயத்துக்குப் போனது 1811-இல்.

மிலானை விட்டு ஏன் கிளம்பினார்?

இரண்டு காரணம். ஒன்று மெதில்த். அப்படி இவர் அழைத்த மத்தில்தே தெம்போவ்ஸ்கி என்ற மிலான் பெண்மணி மீது 1818-இல் காதல் கொண்டார். அவர் ஏற்கவில்லை. ஒருமுறை அவர் பின்னாலேயே வோல்தெர்ரா ஊர்வரை பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மாறுவேடத்தில் போனார், அவர் கண்டுபிடித்துவிட்டார், அதன்பின் வீட்டுக்கு வருவதற்கே கட்டுப்பாடு. இந்த வலியிலிருந்து பிறந்தது ‘காதல் பற்றி’ (1822). விற்கவே இல்லை.

இரண்டாவது, அரசியல். மிலான் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. சுதந்திரம் கேட்ட நண்பர்கள் கைதாகத் தொடங்கினார்கள். ஆஸ்திரியப் போலீஸ் இவரைப் புரட்சிக்காரர் என்று சந்தேகித்தது. மிலானில் சிலரோ ஒற்றர் என்று சந்தேகித்தார்கள். 1821-இல் கிளம்ப வேண்டியதாயிற்று. 1828 தொடக்கத்தில் திரும்பி வந்தபோது, தங்கக்கூட விடாமல் போலீஸ் அனுப்பிவிட்டது.

பிறகு இத்தாலியில் வாழவே இல்லையா?

வாழ்ந்தார், ஆனால் அலுத்துக்கொண்டு. 1830-இல் ட்ரியெஸ்தே நகருக்குத் தூதரக அதிகாரியாகப் போட்டார்கள். ஆஸ்திரியா ஏற்க மறுத்தது. 1831-இல் போப்பின் ஆட்சிப் பகுதியில் இருந்த சிவித்தாவெக்கியா துறைமுகம் கிடைத்தது. கப்பல் கணக்கு, பாஸ்போர்ட், கடிதம், பேச ஆள் இல்லாத மாலைகள். கனவு கண்ட நாட்டில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துகொண்டார். முடிந்தபோதெல்லாம் ரோமுக்கு ஓடிவிடுவார். அங்கே பழைய குடும்பங்களின் நூலகங்களில் கிடந்த கைப்பிரதிகளைக் காசு கொடுத்துப் பிரதியெடுக்கத் தொடங்கினார்: கொலை, ஓடிப்போதல், மரண தண்டனை என்று பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுச் சம்பவங்கள். அவற்றில் ஒன்று பார்னேசே குடும்பம் உயர்ந்த கதை.

அந்தக் கதைதான் ‘பார்மாவின் மடாலயம்’ ஆனதா? ஐம்பத்துச் சொச்சம் நாளில் எழுதினார் என்பது நிஜமா?

ஆமாம், இரண்டும். நீண்ட விடுப்பில் பாரிஸில் இருந்தபோது, 1838 நவம்பர் 4 முதல் டிசம்பர் 26 வரை, பெரும்பகுதியை வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். பின்னாளில் மூன்றாம் பால் என்ற போப்பான அலெஸ்ஸாந்த்ரோ பார்னேசேயின் இளமை விளையாட்டுகளை எடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பார்மாவுக்கு மாற்றினார். 1796 மே 15 அன்று நெப்போலியனின் இளம் படை மிலானுக்குள் நுழையும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1840-இல் மிக நீண்ட பாராட்டுக் கட்டுரை எழுதினார். அவருக்குப் பதில் எழுதும்போது ஸ்தாந்தால் சொன்ன ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: கதாநாயகன் பாப்ரிஸின் அத்தையான சான்செவெரினா கோமகள் பாத்திரத்தை ஓவியர் கொரெஜ்ஜோவிடமிருந்து பிரதியெடுத்தேன் என்றார். அதாவது கொரெஜ்ஜோவின் ஓவியங்கள் மனத்தில் எழுப்பும் உணர்வை ஒரு பெண்ணாக எழுதிப் பார்த்தார்.

இசையும் அதில் அலங்காரமாக வருவதில்லை. கோட்டை உச்சியில் அடைபட்டிருக்கும் பாப்ரிஸுக்கு, கீழே பறவைக் கூண்டுகளுக்கு நடுவே நிற்கும் சிறைத்தலைவரின் மகள் கிளேலியா சேதி சொல்ல வேண்டும். பேச முடியாது, காவலர்கள் இருக்கிறார்கள். பியானோ முன் உட்கார்ந்து, ஏதோ ஓபெராவின் வசனப்பாட்டைப் பயிற்சி செய்வது போல, ஆபத்தைப் பாட்டாகவே பாடிவிடுகிறாள். கடைசிப் பகுதியில், இருவரும் பிரிந்தபின், ஒரு விருந்தில் சிமரோசாவின் பாட்டு ஒன்று ஒலிக்கிறது. பாப்ரிஸ் முதல் சில அடிகளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம் முடியவில்லை, அழத் தொடங்கிவிடுகிறான். ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலிலும் திமிர் பிடித்த பிரபு வீட்டுப் பெண் மத்தில்த் இத்தாலிய ஓபெரா கேட்கும் இரவில்தான், தன் மனம் யாரிடம் போயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறாள். கதாநாயகன் ஜூலியன் அவள் பக்கத்தில்கூட இல்லை. பாட்டு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

மகிழ்ச்சியை நேராக விவரிக்க இவர் எப்போதும் தயங்குவார். தன்வரலாறு 1800-இல் மிலான் வந்து சேர்ந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இவ்வளவு மென்மையான உணர்வை விவரமாகச் சொன்னால் கெட்டுப்போகும் என்று எழுதிப் பேனாவை வைத்துவிட்டார். நாவலில் அந்த இடங்கள் வரும்போது பாட்டைக் கூப்பிடுகிறார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘சிவப்பும் கறுப்பும்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் வோட்டு ‘பார்மாவின் மடாலயம்’. முதல் அறுபது பக்கம் பெயர்கள் குழப்பும். வாட்டர்லூ போர்க்களத்தில், நடப்பது போர்தானா என்றே தெரியாமல் பாப்ரிஸ் அலையும் இடம் வந்ததும் கீழே வைக்க முடியாது. ஆங்கிலத்தில் ஸ்காட் மான்கிரீப்பின் பழைய மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. அப்புறம் ‘ஆன்ரி ப்ருலார்’. இசைப் பிரியர்கள் ‘ரொஸ்ஸினியின் வாழ்க்கை’யை ஆண்டு விவரங்களைக் கண்டுகொள்ளாமல் படிக்கலாம். கூடவே ‘ரகசியத் திருமணம்’ முதல் அங்கத்தையாவது கேளுங்கள்.

அவர் எழுதிய இடங்களை இன்று பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கிரெனோபிளில் தாத்தா காஞோனின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கைப்பிரதிகளில் பெரும்பகுதி அந்த ஊர் நூலகத்தில் உள்ளது. லா ஸ்காலா 1943-இல் குண்டுவீச்சில் சிதைந்து, 1946-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெட்டி இருக்கைகள் இப்போதும் உண்டு, சீட்டாட்டம்தான் இல்லை. சாந்தா குரோச்சேயில் நிக்கோலினி சிற்றாலயம் இருக்கிறது. திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ரோமுக்குக் கப்பலில் போகும் சுற்றுலாப் பயணிகள் இறங்குவது சிவித்தாவெக்கியாவில்தான். அங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம், ஸ்தாந்தாலே அதைத்தான் சொல்லியிருப்பார். பார்மாவில் பாப்ரிஸ் அடைபட்ட கோபுரத்தைத் தேடிக் கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அப்படி ஒன்று அங்கே எப்போதும் இருந்ததில்லை; ரோமின் சான்தாஞ்சலோ கோட்டையை மனத்தில் வைத்து எழுதியது. கோபுரத்துக்குப் பதிலாகக் கதீட்ரலுக்குப் போய்க் குவிமாடத்தில் கொரெஜ்ஜோ வரைந்ததைப் பாருங்கள்.